வீடு பார்க்க வந்த மிஸ்

நிந்தவூரில் ஒரு வீட்டு வாசலில் வெளியூர் வேன் வந்து நின்றால், அந்த வீட்டில் கல்யாண வயதில் ஒரு குமர் இருக்கிறாள் என்று அர்த்தம். வேறு அர்த்தம் எதையும் தெரு ஏற்றுக்கொள்ளாது. இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடு பெண்ணுக்கு உரியது. அதனால் மாப்பிள்ளையின் உம்மாவும் மூத்த சகோதரிகளான ராத்தாமாரும் வந்தால் ஒரு கண்ணால்தான் பெண்ணைப் பார்ப்பார்கள். மற்றக் கண் சுவரில், சீலிங்கில், குசினியில், கிணற்றடியில். அறை அறையாகத் திறப்பார்கள். அலுமாரிக் கதவை இழுத்துப் பார்ப்பார்கள். அதைக் குறையாக நினைக்கிற பெண்வீட்டார் இங்கே எவருமில்லை. பார்க்காமல் எழும்பிப் போனால்தான் பயம்.

ஜெமீலின் வாசலில் மார்கழி மழையோடு ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. வந்தது மாப்பிள்ளை வீட்டார் இல்லை. மலைநாட்டில் இருக்கிற ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் ஆள். அதைத் தெருவுக்கு விளங்கப்படுத்த யாராலும் முடியவில்லை. அதை விடுங்கள், அந்த வீட்டாருக்கே அது சரியாக விளங்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஜெமீல் வயல்காரர். ஊருக்கு மேற்கே, வட்டை என்கிற வயல்வெளியில் காணி. மனைவி சல்மா உம்மா நெல் அவித்து, காயவைத்து, குற்றி, அயலுக்கு அரிசி விற்கிறவள். மூத்தவன் இஹ்ஸான் கட்டாரில் ஏசி பூட்டுகிறான். இளையவள் ஆதிலா. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும், பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க வெட்டுப்புள்ளிக்குப் புள்ளி காணாமல், உம்மாவோடு முற்றத்தில் படங்குப் பாய் விரித்து நெல் கிண்டிக்கொண்டு நின்றவள். கிண்டிக்கொண்டே போனில் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இங்கிலீசில் கட்டுரை எழுதியிருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவில் நேர்முகமும் கொடுத்திருக்கிறாள். எடுபட்ட பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாள்.

"ஹொனர்ஸ் திட்டம்" என்றாள்.

"அது என்ன படிப்பு மகள்?" என்று கேட்டார் ஜெமீல்.

"டிகிரிதான் வாப்பா. அந்தக் கல்லூரியில மத்த ஆக்களும் டிகிரி படிக்காங்க. இது அதுக்குள்ள தனியா ஒரு கூட்டம். நாடு முழுக்க இருந்து பன்னிரண்டு பேரத்தான் எடுப்பாங்க. பொடியன்மாருக்கு வேற வீடு, பொம்புளப் புள்ளைகளுக்கு வேற வீடு. பின்னேரத்துல லெக்சரர்மார் வந்து எங்களோட இருந்து ஒரு புத்தகத்தப் படிச்சுத் தர்க்கம் பண்ணுவாங்க. செலவு முழுக்க அவங்கட."

அந்தக் கடைசி வசனத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து சல்மா உம்மாவின் மூத்த அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடுகிற அச்சிமுகம்மது, முற்றத்துக்குள் வந்துகொண்டிருந்தார். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவர். காதில் விழுந்ததும் செருப்போடு நின்றுவிட்டார்.

"செலவு அவங்கட எண்டா லாபம் ஆருட?" என்றார். "நானும் இவ்வளவு காலமாக் கடை வச்சிருக்கன். ஒரு ஆணிய ஆருக்காவது சும்மா குடுத்திருக்கனா?"

"இல்ல காக்கா" என்றாள் சல்மா உம்மா. தங்கச்சிக்கும் கொடுத்ததில்லை என்பதை அவள் சொல்லவில்லை. படங்கில் கிடந்த நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"பச்சப் புள்ளைகளக் கொண்டுபோய் ஒரு வீட்டுல போட்டு, சோறும் குடுத்து, ராவு பகலா அவங்கட கதையச் செல்லிக் குடுத்தா என்ன ஆகும்? பேரு மாறும். வேற என்ன?"

"மாமா, நான் தர்க்கம் பண்ணப் போறன். தலையாட்டப் போகல்ல."

"தர்க்கம் பண்றவளுக்கு ஆரும் சோறு போடுவானா?"

"இஞ்ச உங்களோட தர்க்கம் பண்றன். உம்மா சோறு போடத்தானே செய்றா."

ஜெமீல் சிரித்துவிட்டார். பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். அச்சிமுகம்மதுவின் மடியில் ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை இருந்தான். சம்மாந்துறையில், நீர்ப்பாசனத்தில் இஞ்சினியர். மேல்மாடியைப் பூசி முடித்தால் கதைத்துவிடலாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டார்.

"மாச முடிவுக்குள்ள ஓம் எண்டு நான் எழுதணும் வாப்பா. இல்லாட்டி அந்த இடத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாள் ஆதிலா. "பொறகு நான் எங்க போவன்? நெல்லுதான் கிண்டணும். நெல்லக் குறையாச் செல்லல்ல. ஆனா எனக்கு அது மட்டும் காணாது."

ஜெமீல் வானத்தைப் பார்த்தார். மழை விழுந்தது. நான்கு பேரும் நெல்லை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

இரண்டு நாள் கழித்து மழை விட்ட இடைவெளியில் ஜெமீல் வயலுக்கு யூரியா வீசப் போனார். பக்கத்துக் காணிக்காரன் பவிதரன் காரைதீவு ஆள். வரம்பில் குந்தி இருந்து வாய்க்கால் அடைப்பைத் தோண்டிக்கொண்டிருந்தான். ஜெமீல் உரவாளியை இறக்கி வைத்துவிட்டு விசயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்கவில்லை, பவிதரன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழும்பிவிட்டான்.

"நானா, எங்கட அக்காட மகளும் அதுக்குத்தான் எடுபட்டிருக்கா! திருக்கோவில்ல. சிவரூபினி எண்டு."

"உண்மையாவா?"

"ஓம். எங்கட வீட்டுலயும் இதே சண்டைதான். ஞானஸ்நானம் குடுத்துருவாங்களோ எண்டு அக்கா முருகனுக்கு நேர்த்தி வச்சிருக்கா. புள்ளை பேர் மாறாமத் திரும்பி வந்தா மொட்டை போடுவாவாம்."

"ஆருக்கு மொட்டை?"

"அத்தானுக்கு."

இருவரும் வரம்பில் நின்று சிரித்தார்கள். சிரித்தது ஜெமீலுக்குக் கொஞ்சம் பலமாக இருந்தது. பயப்படுகிறவன் தான் மட்டும் இல்லை என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயத்தோடு அவர் சேற்றில் இறங்கி உரம் வீசினார்.

அந்தக் கிழமையே கல்லூரியிலிருந்து போன் வந்தது. திட்டத்துக்குப் பொறுப்பான எஸ்தர் நல்லரெத்தினம் மிஸ் பேசினார். மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. வீட்டுக்கு வந்து பெற்றோரைச் சந்திக்க விரும்புகிறோம், உங்களுக்கு வசதியான நாள் எது என்று கேட்டார்.

"பாத்தியா" என்றார் அச்சிமுகம்மது. "வீட்டுக்கே வாறாங்க. புத்தகக் கட்டோட வருவாங்க, இருந்து பாரு. ஒண்டையும் கையில வாங்கிராத."

"வாறவங்க ஆரா இருந்தாலும் சோறு திங்காமப் போகப்படாது" என்றாள் சல்மா உம்மா. சந்தேகம் அவளுக்கும் இருந்தது. ஆனால் சந்தேகத்துக்காகச் சமையலை விட முடியுமா?

கடல் கொந்தளிப்பில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. சந்தையில் மீன் இல்லை. ஜெமீல் களப்பு இறால் தேடி மோட்டார் சைக்கிளில் அலைந்தார். சல்மா உம்மா கோழிக்கறி வைத்தாள், மாங்காய் ஆணம் வைத்தாள், இறாலைப் பொரித்தாள், முதல் நாளே வட்டிலப்பம் அவித்து வைத்தாள். முற்றத்துச் சேற்றின் மேல் மணல் கொட்டினாள். மேல்மாடியில் பூசாத சுவரைச் சீலை கட்டி மறைத்தாள். ஆதிலா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உம்மா, அவங்க என்னைப் பத்திக் கதைக்க வாறாங்க. சுவரப் பாக்க வரல்ல."

"ஆரு வந்தாலும் சுவரப் பாப்பாங்க மகள்."

வேன் வந்து நின்றது. சாரதி வேனிலேயே இருந்துகொண்டார். குடையை விரித்துக்கொண்டு எஸ்தர் இறங்கினார். ஐம்பது தாண்டிய உயரமான பொம்பிளை, பருத்திச் சேலை, நரைத்த கொண்டை. கையில் புத்தகக் கட்டு எதுவும் இல்லை. அச்சிமுகம்மதுவுக்கு அது ஏமாற்றமாகப் போய்விட்டது. மழையில் நனையும் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் எஸ்தர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

எதிர் வீட்டு ஹுஸ்னியா கதவைத் திறந்து, தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வேனின் இலக்கத் தகட்டை வாசித்தாள்.

சாப்பாடு முடியும்வரை அச்சிமுகம்மது பொறுத்திருந்தார். எஸ்தர் கையால் பிசைந்து சாப்பிட்டார். இறால் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். வட்டிலப்பத்தை ருசித்துவிட்டு ஏலக்காய் எங்கே வாங்குகிறீர்கள் என்றார். சல்மா உம்மாவுக்கு அது பிடித்திருந்தது. அச்சிமுகம்மதுவுக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது.

"மிஸ், நேராக் கேக்கன். குறை நினைக்கப்படாது" என்றார். "உங்கட சேர்ச்சுக்குள்ள இவள் வரணுமா?"

"செபத்துக்கு வரத் தேவையில்லை. ஆதிலா தொழுறதுக்கு ஒரு அறை ஒதுக்கித் தருவம்."

"பைபிள் படிக்கணுமா?"

"படிக்கிற புத்தகங்கள்ல அதுவும் ஒண்டு. குர்ஆன் மொழிபெயர்ப்புல இருந்தும் படிப்பம். கீதையிலயிருந்தும் படிப்பம். நம்பச் சொல்ல மாட்டம். வாசிச்சுட்டுக் கேள்வி கேக்கச் சொல்லுவம்."

"கேள்வி கேட்டு என்ன லாபம் உங்களுக்கு?"

எஸ்தர் சிரித்தார். "கேக்கத் தெரிஞ்ச பிள்ளையள் நாட்டுக்கு வேணும் எண்டு எங்களுக்குக் காசு தாற ஆக்கள் நினைக்கிறாங்க. எனக்கு லாபம், நல்ல பிள்ளையளோட பின்னேரத்துல இருந்து கதைக்கலாம்."

அப்போது எஸ்தர் சல்மா உம்மாவின் பக்கம் திரும்பினார்.

"வீட்டைப் பாக்கலாமா?"

சல்மா உம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் இருந்த இறுக்கம் விட்டுப்போய், அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு எழும்பினாள். வீடு பார்க்கக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் உம்மா அவளுக்காகச் செய்ததுதான் அது; அவளுடைய பாதி வாழ்க்கை அதற்கான ஆயத்தம்தான். மண்டபத்திலிருந்து தொடங்கினாள். இஹ்ஸானின் அறை. குசினி. பின்பக்கம் நெல் அவிக்கிற அடுப்பு. களஞ்சிய அறையையும் திறந்தாள். நெல் மூட்டைகளும் ஒரு மூலையில் உரப்பைகளும் கிடந்தன.

"இது என்ன அடுக்கியிருக்கு?" என்று கேட்டார் எஸ்தர்.

"யூரியா மிஸ். வயலுக்கு."

"எல்லாம் இப்பவே தேவையா?"

"இன்னுமொருக்கா வீசணும். பொறகு கிடைக்காது எண்டு முந்தி எடுத்து வச்சிட்டார்" என்றாள் சல்மா உம்மா. கெட்டித்தனமான குடும்பம் என்று காட்ட வேண்டும் அல்லவா.

எஸ்தர் கேட்டுக்கொண்டே வந்தார். மகன் எங்கே வேலை, யாரோடு தங்கியிருக்கிறார், அடிக்கடி வருவாரா. எந்தப் பள்ளிக்குத் தொழப் போவார். வீட்டுக்கு வெளியூர் ஆக்கள் வந்து தங்குவது உண்டா. மேல்மாடியில் யார் இருக்கிறார்கள். சல்மா உம்மா ஒவ்வொன்றுக்கும் ஒளிக்காமல், சந்தோசமாகப் பதில் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்பதெல்லாம் இதுதான். அண்ணன்காரன் குடிகாரனா, எந்த ஜமாஅத்துக்காரன், வீட்டில் ஒட்டுண்ணிகள் யாரும் உண்டா என்று அவர்கள் துருவித் துருவித்தான் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்வியிலும் அவளுக்கு எஸ்தர் தெரிந்த மனிதராகிக்கொண்டு வந்தார்.

கடைசியில் ஆதிலாவின் அறை. சல்மா உம்மா கட்டில் விரிப்பைத் தூக்கிக் காட்டினாள். அலுமாரியின் இரண்டு கதவையும் திறந்துவிட்டாள். மடித்த உடுப்புகள், அபாயாக்கள், மேல்தட்டில் புத்தகங்கள். எஸ்தர் குனிந்து புத்தக முதுகுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஆதிலா வாசலில் நின்றாள். திறக்கலாமா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. காது சிவந்துபோய் நின்றாள்.

வேன் போனதுதான் தாமதம், ஹுஸ்னியா தெருவைத் தாண்டி வந்துவிட்டாள்.

"என்னகா, மாப்பிள்ள என்ன செய்றாராம்?"

"மாப்பிள்ளையுமில்ல, கீப்பிள்ளையுமில்ல. புள்ளைட காலேஜ் மிஸ்."

"காலேஜ் மிஸ்ஸா அலுமாரிய எல்லாம் திறந்து பாத்தா? ஜன்னலால நானும் கண்டன்தானே. எனக்குச் செல்லாட்டிப் போ."

சல்மா உம்மா அன்று பின்னேரம் ஜெமீலிடம் சொன்னாள். "இஞ்சாருங்க, அந்தப் பொம்புள ஒண்டொண்டா நம்மட ஆக்கள் மாதிரியே கேக்கா. இவ்வளவு தூரம் மழைக்குள்ள வந்து, வீட்டப் பாத்து, குடும்பத்த விசாரிச்சி, ஒரு ஒழுங்கு முறையோட எடுக்காங்க. புள்ளைய ஏமாத்திக் கொண்டுபோறவன் இப்பிடி வந்து பாப்பானா? எனக்கு மனசு தெளிஞ்சி போச்சி."

ஜெமீலுக்கும் அப்படித்தான் பட்டது. "எழுது மகள்" என்றார். "ஓம் எண்டு எழுது. அல்லாஹ் காவல்."

ஆதிலா வாப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அழுதாள். அச்சிமுகம்மது தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழும்பிப் போனார். இஞ்சினியர் வேறு வீடு பார்க்கத் தொடங்கினார். அதோடு முடிந்திருந்தால் எனக்கும் எழுத ஒன்றுமில்லை.

தை பிறந்து கதிர் பழுக்கத் தொடங்கியபோது ஜெமீல் வயலில் பன்றி வராமல் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். பவிதரன் கம்பியின் மறுமுனையைப் பிடித்திருந்தான்.

"உங்கட அக்கா வீட்டுல மிஸ்ஸுக்கு என்ன சமைச்ச?" என்று கேட்டார் ஜெமீல். "எங்கட வீட்டுல இறால் எண்டா ரெண்டு தரம் வாங்கித் திண்டா."

"எந்த மிஸ்?"

"எஸ்தர் மிஸ். வீடு பாக்க வந்தவதானே?"

பவிதரன் கம்பியைத் தளர விட்டான். "எங்கட அக்கா வீட்டுக்கு ஒருத்தரும் வரல்லையே நானா. போன்ல கதைச்சாங்க, கடிதம் வந்த, அவ்வளவுதான். சிவரூபினி மற்றப் பிள்ளையளோட வாட்ஸப்புல கதைக்கிறவள். ஒருத்தர்ட வீட்டுக்கும் போகல்லயாம். உங்கட வீட்டுக்கு வந்தவங்களா?"

ஜெமீல் கம்பியைக் கட்டி முடித்தார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு ஆதிலாவைக் கூப்பிட்டார். சல்மா உம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"வீடு பாத்தது நம்மளத்தான் மகள். நம்மள மட்டும்தான்."

ஆதிலாவுக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. அவளுக்கு அன்றே அறை வாசலில் நின்றபோது ஏதோ இடறியிருந்தது. போனை எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிஸ், ஒரு கேள்வி. எங்கட வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தீங்க?"

மறுபக்கம் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"ஆராவது சொல்லுவாங்க எண்டு எனக்குத் தெரியும்" என்றார் எஸ்தர். "உனக்குப் பொய் சொல்ல மாட்டன் ஆதிலா. எங்கட கல்லூரி நிர்வாகச் சபையில சிலர் கேட்டாங்க. அந்த ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அந்தக் கரையில இருந்து ஒரு பிள்ளையை எங்கட பிள்ளையளோட ஒரே வீட்டுல வைக்கிறதெண்டா, வீட்டைப் போய்ப் பாத்துட்டு வரச் சொன்னாங்க. நான் மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லல்ல. நான் போகாட்டி வேற ஆளை அனுப்புவாங்க, இல்லாட்டி உன்னை வெட்டி விட்டுருவாங்க எண்டு நினைச்சன். நான் போய் நல்லதா எழுதினன்."

"நல்லதா எண்டா? எங்கட வீட்டுல குண்டு இல்ல எண்டா?"

"ஆதிலா..."

"யூரியாவுலயும் குண்டு செய்யலாமாமே. உரப்பை பத்தி எழுதினீங்களா மிஸ்?"

எஸ்தர் திரும்பவும் அவள் பெயரைத்தான் சொன்னார். ஆதிலா போனை வைத்தாள்.

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது. சல்மா உம்மா வாசலில் நின்றாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள். கையில் தேங்காய்ப் பாதி.

ஜெமீல் கதிரையில் உட்கார்ந்தார். "அண்டைக்கு, அந்த ஈஸ்டர்ப் பிரச்சினைக்குள்ள, ஆமி வந்து வீட்டப் பாத்தான். சப்பாத்தோட வந்தான். அவன் என்ன தேடுறான் எண்டு எனக்குத் தெரியும். பயமா இருந்த, ஆனா வெக்கமா இருக்கல்ல. இவ செருப்பக் கழட்டி வச்சிட்டு வந்து பாத்திருக்கா. அதுதான் எனக்குத் தாங்க ஏலாம இரிக்கி."

செய்தி கேட்டு அச்சிமுகம்மது பறந்து வந்தார். "நான் செல்லல்லையா? நான் செல்லல்லையா?"

"நீங்க செல்லினது வேற மாமா" என்றாள் ஆதிலா. "அவங்க நம்மள மாத்திருவாங்க எண்டு நீங்க பயந்தீங்க. அவங்க நம்மளப் பாத்துப் பயந்திரிக்காங்க. ரெண்டு பேரும் என்னை ஒரு சொல்லும் கேக்கல்ல."

"இப்ப என்ன, போகாம இருந்துரு. இஞ்சினியருக்கு இன்னும் ஒண்டும் சரிவரல்ல, நான் விசாரிச்சுப் பாக்கன்."

"போகாம இருந்தா அந்தச் சபையில உள்ளவங்களுக்குச் சந்தோசம். போனா, பாத்துத் தெரிஞ்செடுத்த முஸ்லிம் புள்ள எண்டு ஒவ்வொரு நாளும் பாப்பாங்க. எனக்குப் படிக்கணும் மாமா. அவ்வளவுதான். வேற ஒண்டும் வேணாம். அது ஏன் ஆருக்கும் விளங்குதில்ல?" என்று கேட்டு, விம்மி விம்மி அழுதாள்.

சல்மா உம்மா அந்தத் தேங்காய்ப் பாதியை இன்னும் கீழே வைக்கவில்லை. அவள் அழவில்லை. அன்று காட்டிய ஒவ்வொரு அறையும் அவள் மனதில் ஓடியிருக்க வேண்டும். எவ்வளவு ஆசையோடு திறந்தாள்! யூரியாவை முந்தி எடுத்து வைத்ததை எவ்வளவு பெருமையோடு சொன்னாள்! முகம் கறுத்துப் போய்விட்டது. தேங்காயைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்தாள், மகளின் போனை எடுத்து நீட்டினாள்.

"மறுகாப் போடு."

"என்னத்துக்கு உம்மா?"

"போடு எண்டன்."

எஸ்தர் உடனே எடுத்தார். சல்மா உம்மா ஸலாம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை.

"மிஸ், நான் ஆதிலாட உம்மா. எங்கட ஊருல ஒரு வழமை இரிக்கி. வீடு பாத்துட்டுப் போனவங்கட வீட்டப் பொண்வீட்டாரும் போய்ப் பாக்கணும். நான் வாறன். எல்லா அறையும் திறந்து வைங்க. அலுமாரியும்."

"கட்டாயம் வாங்க" என்றார் எஸ்தர்.

அறுவடை மெசின் வயலில் இறங்குவதற்கு முன்னால், படிப்புத் தொடங்குகிற நாளுக்கு, ஆதிலாவின் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு மூவரும் புறப்பட்டார்கள். அச்சிமுகம்மது வரவில்லை, கோபமாம். விடிய முன்னம் ஏறிய பஸ், மகியங்கனை வளைவுகளில் சல்மா உம்மாவின் வயிற்றைப் புரட்டி எடுத்தது. எலுமிச்சம்பழத்தை மணந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். மலைக்குளிருக்கு ஜெமீல் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டார்.

ஹொனர்ஸ் மாணவிகளின் வீடு தேயிலைச் சரிவில் இருந்த பழைய பங்களா. எஸ்தர் சாவிக் கொத்தோடு வாசலில் நின்றார். ஜெமீல் பெட்டிகளோடு கீழேயே நின்றுவிட்டார். சல்மா உம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

பார்த்தாள் என்றால் அப்படிப் பார்த்தாள். வாசிக்கிற அறையில் கதிரைகளைத் தூக்கிப் பார்த்தாள். குசினியில் சட்டியை முகர்ந்தாள்.

"பண்டி சமைப்பீங்களா இதுல?"

"இல்லை. இந்த வீட்டுக் குசினியில இல்லை."

"வேற குசினியில?"

"பெரிய சாப்பாட்டு மண்டபத்துல சில நாள். ஆதிலாட சாப்பாடு இங்க வேற சட்டியில."

"சட்டியக் காட்டுங்க."

எஸ்தர் காட்டினார். புதுச் சட்டி, விலைத்துண்டு கிழிக்காமல் இருந்தது. சல்மா உம்மா அடுத்த கதவைத் தொட்டாள், எஸ்தர் திறந்தார். குளியலறை, சாமான் அறை, படிக்கட்டுக்குக் கீழே கூட்டுகிற தும்புத்தடி வைக்கிற பொந்து. முற்றத்தின் மறுபக்கம் இருந்த சிறிய தேவாலயத்துக் கதவடியில் எஸ்தர் கொஞ்சம் தயங்கினார்.

"இதையும் திறங்க" என்றாள் சல்மா உம்மா. "நீங்க எங்கட வீட்டுல ஒண்டையும் விடல்ல."

உள்ளே போகாமல், வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். வரிசையாக இருக்கிற மர வாங்குகள், பூச்சாடி, சிலுவை. பார்த்துவிட்டுத் திரும்பினாள். நடந்துகொண்டே கேட்டாள்.

"உங்களுக்குப் புள்ளைகள் இரிக்கா?"

"ஒரு மகன்."

"எங்க? ஆரோட தங்கியிரிக்கார்?"

"மெல்போர்ன்ல. ஆரோட எண்டு எனக்குச் சரியாத் தெரியாது."

"எந்தச் சேர்ச்சுக்குப் போறவர்?"

எஸ்தர் நின்றார். "அவன் சேர்ச்சுக்குப் போறதில்லை ஆதிலாட உம்மா. விட்டுட்டான். என்னோட கதைக்கிறதும் குறைவு."

தான் கேட்டது தனக்கே திரும்பிவரும்போது எப்படி இருக்கும் என்று எஸ்தருக்கு அந்த நேரம் விளங்கியிருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டார். சல்மா உம்மாவுக்கு இரக்கம் வந்தது. வந்ததற்காகக் கேள்வியை நிறுத்தவில்லை.

"வெளியாக்கள் வந்து தங்குவாங்களா?"

"இல்லை."

மேல்மாடியில் ஆளுக்கொரு சின்ன அறை. ஆதிலாவின் அறையில் கட்டிலும் மேசையும் ஒரு மர அலுமாரியும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. எஸ்தர் கொத்திலிருந்து இரண்டு சாவிகளைக் காட்டினார். ஒன்று மாணவிக்கு, மற்றது பொறுப்பாளரிடம் இருக்கும், விடுதியின் வழமை என்றார்.

"ரெண்டையும் இவள்ட கையில குடுங்க" என்றாள் சல்மா உம்மா. "இனி இந்த அறைக்குள்ள இவளக் கேக்காம ஒருத்தரும் போகப்படாது. உங்கட சபைக்கும் செல்லுங்க. நீங்களும்தான் மிஸ்."

எஸ்தர் சாவி வளையத்தோடு மல்லுக்கட்டினார். நகம் மடங்கியது. இரண்டாவது சாவியையும் கழற்றி ஆதிலாவின் உள்ளங்கையில் வைத்தார். "நான் செய்தது பிழை" என்றார். "சபையில எழும்பிச் சொல்லுவன். வேலை போனாலும் சொல்லுவன்." அது உண்மையா, வெறும் பேச்சா என்று சல்மா உம்மா அவர் கண்ணை உற்றுப் பார்த்தாள். நம்பினாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆதிலா பெட்டியை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

சல்மா உம்மா திடுக்கிட்டுக் கதவைத் தட்டினாள். "மகள், அந்த அலுமாரி உள்ளுக்கு எப்பிடி எண்டு நான் பாக்கல்ல. திற."

"அது என்ட அலுமாரி உம்மா" என்றாள் ஆதிலா உள்ளே இருந்து. குரலில் கோபமில்லை. ஆனால் கதவு திறக்கவில்லை. "ரெண்டு பேரும் வெளிய இருங்க. நான் அடுக்கி முடிச்சிட்டுக் கூப்பிடுறன். கூப்பிட்டாத்தான் வரணும்."

சல்மா உம்மா உயர்த்திய கையை இறக்கினாள். எஸ்தர் விறாந்தையில் கிடந்த இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார். இருவரும் ஆளுக்கொன்றில் உட்கார்ந்து, அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.